ஏப்ரல் மழையும் உப்புப் பாத்தியும்

மார்ச், ஏப்ரல் மாதங்களைக் குளிர்நாட்டவர் வசந்தகாலம் என்பர். புத்தளம், பாலாவி, கற்பிட்டிப் பகுதிகளில் வாழும் நமக்கோ அது கடும் வெயிலும் இடிமழையும் மாறி மாறி வரும் காலம். வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்துவிடும். தென்மேல் பருவக்காற்று இன்னும் தொடங்கியிராது. இந்த இடைவெளிதான் முதலாவது இடைப்பருவப்பெயர்ச்சிக் காலம்.

விஞ்ஞான பாடத்தில் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுத்தல் பற்றி நான் கற்பிக்கும்போது, "ஒரு நாள் மழைக்கு ஏன் டீச்சர் இவ்வளவு நட்டம்?" என்று மாணவிகள் கேட்பதுண்டு. களப்புக் கரையில் வாழும் பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கான விடை நீரின் குணங்களில் இருக்கிறது.

மழை எங்கே விழும்?

ஏப்ரல் இரண்டாம் வார அளவில் நண்பகல் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கும். ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை 1 பாகை செல்சியசால் உயர்த்த ஏறத்தாழ 4,200 யூல் வெப்பம் தேவை. உலர்ந்த மணலுக்கு ஏறத்தாழ 800 யூல் போதும். ஆகவே தரை விரைவில் சூடேறும். கடல் மெதுவாகவே சூடேறும். தரைமேல் உள்ள சூடான வளி மேலெழ, கடற்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு உள்ளே வரும். அந்த ஈரம் உயரே சென்று குளிர்ந்து முகிலாகும். பருவக்காற்று பலமாக வீசாத காலமாகையால், எந்த இடத்துத் தரை எவ்வளவு சூடேறியது என்பதைப் பொறுத்தே மழை விழும். பாலாவியில் கொட்டும் மழை கற்பிட்டியில் ஒரு துளியும் இல்லாமற் போவது இதனால்தான்.

நீர் ஏன் வேறுபட்டது?

ஐதரசன் சல்பைட்டு மூலக்கூறு நீர் மூலக்கூறைவிடப் பாரமானது. ஆயினும் அது ஏறத்தாழ −60 பாகையிலேயே கொதித்து வாயுவாகிவிடும். நீர் கொதிக்க 100 பாகை வேண்டும். நீர் மூலக்கூறுகள் ஐதரசன் பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதே காரணம். அந்தப் பிடியை அறுத்து ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,400 கிலோயூல் வெப்பம் செலவாகிறது. அதே நீரை 30 பாகையிலிருந்து 100 பாகைவரை சூடாக்கச் செலவாகும் வெப்பத்தைப்போல இது எட்டு மடங்கு. உப்பளத்தில் இந்த வேலையைச் சூரியனும் காற்றும் கூலியின்றிச் செய்கின்றன.

ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. நீர் குறையக் குறைய முதலில் கல்சியம் காபனேற்றும், அடுத்து கல்சியம் சல்பேற்றும் படியும். கனவளவு ஏறத்தாழ பத்தில் ஒன்றாகக் குறைந்த பின்னரே சோடியம் குளோரைட்டு, அதாவது நாம் உண்ணும் உப்பு, பளிங்காகத் தொடங்கும். மகனீசிய உப்புகள் எஞ்சும் கசப்பு நீரிலேயே தங்கிவிடுவதால் அந்த நீரை வெளியேற்றிவிடுவார்கள்.

இன்னொரு விந்தையும் உண்டு. பொற்றாசியம் நைத்திரேற்றுப் போன்றவை சூடான நீரில் மிக அதிகமாகக் கரையும். கரைசலை ஆறவிட்டாலே பளிங்குகள் கிடைக்கும். சோடியம் குளோரைட்டு அப்படியல்ல. 100 கிராம் நீரில் 0 பாகையிலும் 30 பாகையிலும் ஏறத்தாழ 36 கிராமே கரையும். எனவே நீரை ஆவியாக்குவதைத் தவிர உப்பளத்துக்கு வேறு வழி இல்லை.

நட்டத்தின் கணக்கு

25 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு சதுர மீற்றரில் 25 லீற்றர் நன்னீர் சேரும். அது 9 கிலோகிராம் உப்பைக் கரைக்க வல்லது. ஒரு ஏக்கருக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 36 தொன். நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகிறது என்று கொண்டாலும், அந்த மழையை மட்டும் போக்க ஐந்து நாள் வேண்டும். உப்பு நீர் நன்னீரைவிட மெதுவாக ஆவியாவதால் உண்மையில் இன்னும் நாளாகும்.

இந்தக் கணக்கு வீடுகளையும் தொடும். என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் வாப்பா உப்பளத்தில் நாட்கூலிக்கு வேலை செய்பவர். ஓர் ஏப்ரல் மழைக்குப் பின் மூன்று வாரம் அவருக்கு வேலை இல்லை. பிள்ளை டியூஷனை நிறுத்திவிட்டாள். 2025இல் நாடு முழுவதும் உப்புக்குத் தட்டுப்பாடு வந்து, இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. அதற்கும் காலந்தவறிப் பெய்த மழையே முக்கிய காரணமாயிற்று.

மழை விட்ட பின்

ஆனாலும் நீரே ஒரு வழியையும் தந்திருக்கிறது. நிரம்பிய உப்புக் கரைசல் நன்னீரைப்போல ஏறத்தாழ 1.2 மடங்கு அடர்த்தியானது. ஆகையால் மழைநீர் உடனே கலந்துவிடாமல் மேலே தனிப்படையாக நிற்கும். காற்று அடித்துக் கலக்குவதற்குள் மேல்நீரை வடித்துவிட்டால் கீழே உள்ள உப்பின் பெரும்பகுதியைக் காப்பாற்றலாம். அள்ளிக் குவித்த உப்பைக் கிடுகால் மூடுவதைப்போல இதுவும் அவசியம். மழை விட்ட முதல் சில மணித்தியாலங்களே பெறுமதியானவை.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு கிளாஸில் 200 மில்லிலீற்றர் நீர் எடுத்து, அதில் 70 கிராம் உப்பைக் கரையுங்கள். சீனி போடாமல் ஆறவைத்த பிளேன்டீயைக் கரண்டியின் பின்புறத்தில் மெதுவாக ஊற்றுங்கள். தேநீர் மேலே தனியாக நிற்கும். பின்னர் கரண்டியால் கலக்குங்கள். இரண்டும் ஒன்றாகிவிடும், இனிப் பிரிக்க முடியாது. உப்பளத்தில் அந்தக் கரண்டியின் வேலையைக் காற்று செய்கிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உப்பளத்தில் தொழில் செய்யும் வாப்பாமார் தமது அனுபவத்தைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பிள்ளைகளே, பக்கம் நேரான, அடி தட்டையான போத்தலொன்றை முற்றத்தில் வைத்து, அன்றாட மழையை மில்லிமீற்றரில் ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். நம் ஊர் மழையின் போக்கை அறிய அந்தக் கொப்பி உதவும்.

பயிற்சி: 50 சதுர மீற்றர் பாத்தியில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தது. அம்மழைநீர் ஆகக்கூடியது எவ்வளவு உப்பைக் கரைக்கும்?

விடை: மழைநீர் 500 லீற்றர்; உப்பு 180 கிலோகிராம்.