பிராக் கோட்டைக்குப் போகிறீர்களா?

செக் தலைநகரிலுள்ள இந்த அரசர் கோட்டைக்கு 22ஆம் எண் டிராமில் போனால் மேடேறும் சிரமமில்லை. திரும்பும்போது பழைய படிக்கட்டு வழியே நடந்து இறங்கலாம். முற்றங்களைச் சுற்றிப் பார்க்கக் கட்டணமில்லை. நுழைவாயிலில் சோதனை இருக்கலாம், பெரிய பை வேண்டாம்.

ஞாயிறு காலையில் கோட்டைக்குள் இருக்கும் புனித விட்டஸ் பேராலயத்தில் வழிபாடு நடக்கும். சுற்றிப் பார்க்க மதியத்துக்குமேல் போங்கள். பகல் 12 மணிக் காவலர் மாற்றத்துக்குக் கூட்டம் நெரியும்.

நிதானமாகப் பார்க்கவேண்டியது பழைய அரண்மனையின் விளாதிஸ்லாவ் மண்டபம். கூரைக்கடியிலேயே வீரர்கள் குதிரைமேல் ஈட்டிப் போட்டி நடத்திய இடம் அது! குதிரைகள் ஏறிவரக் கட்டிய அகலப் படிக்கட்டைத் தவறவிடாதீர்கள். 1618இல் அரசப் பிரதிநிதிகளை ஜன்னல்வழியே தூக்கியெறிந்த அறையும் அங்கேதான். முப்பதாண்டுப் போருக்கு வித்திட்ட சம்பவம் அது.

எங்கும் கல் பாவிய தரை. தட்டையான, பிடிமானமுள்ள காலணி அவசியம்.