எண்ணெய்க்கு எண்ணெய் மாறும் கணக்கு

கேள்வி: சர்ஃபாக்டன்ட் ஒன்றே, நீரும் ஒன்றே. எண்ணெயை மட்டும் மாற்றினால் ஒரு குப்பியில் தெளிந்த கலவையும் இன்னொரு குப்பியில் தனித்தனி அடுக்குகளும் உண்டாவது ஏன்?

பதில்: சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுக்கு நீரை விரும்பும் தலையும் எண்ணெயை விரும்பும் வாலும் உண்டு. நீரும் எண்ணெயும் சந்திக்கும் எல்லையில் அது ஒரு மூலக்கூறு கனமுள்ள படலமாகப் படிகிறது. தலைப்பக்கம் அதிக இடம் பிடித்தால் படலம் எண்ணெயைச் சூழ்ந்து வளையும். அப்போது நீருக்குள் நுண்ணிய எண்ணெய்த்துளிகள் உண்டாகும். மிஞ்சிய எண்ணெய் மேலே நிற்கும். வால்பக்கம் அகன்றால் நேர்மாறு: எண்ணெய்க்குள் நீர்த்துளிகள், கீழே மிஞ்சிய நீர். இரு பக்கமும் சமமானால் படலம் வளைவிழந்து, நீரும் எண்ணெயும் ஒன்றையொன்று ஊடுருவிக் கிடக்கும் நடு அடுக்கு தோன்றும். இந்த மூன்று நிலைகளையும் வின்சர் 1948இல் வகைப்படுத்தினார். இன்றும் அவர் பெயராலேயே அவை அழைக்கப்படுகின்றன.

எண்ணெயின் வேலை வால்பக்கத்தில் நடக்கிறது. நெருக்கமாக நட்ட நாற்றுகளைப் போல வால்கள் நிற்கின்றன. சிறிய எண்ணெய் மூலக்கூறுகள் அவற்றினிடையே புகுந்து வால்பக்கத்தை அகட்டும். நீண்ட மூலக்கூறு அங்கே புகுந்தால் நெளிந்து திரியும் சுதந்திரத்தை இழக்க நேரும் என்பதால் பெரும்பாலும் வெளியிலேயே தங்கிவிடும். ஹெக்சேன் நன்றாகப் புகும், டெக்கேன் குறைவாகப் புகும், ஹெக்சாடெக்கேன் மிகமிகக் குறைவு. பென்சீன், டொலுயீன் போன்ற வளையச் சேர்மங்களின் எலக்ட்ரான் மேகம் எளிதில் முனைவுறும். ஆகவே அவை தலைகளின் அருகுவரை செல்லும்.

இதன் விளைவை வெப்பமானியிலேயே பார்க்கலாம். பன்னிரண்டு கார்பன் வாலும் ஐந்து எத்திலீன் ஆக்சைடு அலகுகளாலான தலையும் கொண்ட, மின்னூட்டமற்ற சர்ஃபாக்டன்ட் ஒன்று உண்டு. ஆக்டேனோடு சேர்ந்தால் அது சமநிலைக்கு வருவது சுமார் 33 டிகிரி செல்சியஸில். டெக்கேனோடு சுமார் 38இல். டெட்ராடெக்கேனோடு 47ஐத் தாண்டி. சூடேறும்போது தலையைப் பற்றியிருக்கும் நீர் விலகித் தலை சுருங்குகிறது. நீண்ட எண்ணெய் வால்பக்கத்தை அகட்ட உதவாததால், தலையைக் கூடுதலாகச் சுருக்கித்தான் சமன் செய்ய வேண்டியிருக்கிறது. ஜப்பானிய வேதியியலாளர் கோஸோ ஷினோடா 1960களில் இந்த வெப்பநிலையையே சர்ஃபாக்டன்ட்டைத் தேர்வுசெய்யும் அளவுகோலாக முன்வைத்தார். மின்னூட்டமுள்ள சர்ஃபாக்டன்ட்டில் இதே வேலையை உப்பு செய்கிறது. எண்ணெய் நீளமானால் உப்பும் கூட வேண்டும். இரு வகையிலுமே சர்ஃபாக்டன்ட்டும் அதிகம் செலவாகும்.

கேள்வி: எண்ணெயின் இந்தக் குணத்தை ஓர் எண்ணாகச் சொல்ல முடியுமா?

பதில்: முடியும். 1970களில் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘சமான ஆல்கேன் கார்பன் எண்’ என்ற அளவை உருவாக்கினர். நேர்ச்சங்கிலி ஆல்கேனுக்கு அதன் கார்பன் எண்ணிக்கையே இந்த எண்: டெக்கேனுக்கு 10. பென்சீனுக்கோ ஆறு கார்பன் இருந்தும் ஏறத்தாழ 0. இரட்டைப் பிணைப்பும் எண்ணைக் குறைக்கும். ஸ்குவாலேன், ஸ்குவாலீன் இரண்டுக்கும் 30 கார்பன்கள்தாம். இரட்டைப் பிணைப்பே இல்லாத முன்னதற்குச் சுமார் 24, ஆறு இரட்டைப் பிணைப்புகள் கொண்ட பின்னதற்குச் சுமார் 15. சர்ஃபாக்டன்ட்டை மட்டும் மதிப்பிடும் கிரிஃபினின் பழைய எச்.எல்.பி. எண் தொழிற்கூடங்களில் இன்னும் செல்வாக்கோடு இருக்கிறது. வெப்பநிலையையும் உப்பையும் கணக்கில் கொள்ளாத அந்த எண்ணை மட்டும் நம்பிக் கலவை வடிவமைப்பது வீண்செலவில்தான் முடியும்.

கேள்வி: நல்லெண்ணெய் போன்ற சமையல் எண்ணெய்கள் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கின்றன?

பதில்: அவை டிரைகிளிசரைடுகள். கிளிசராலில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் இணைந்த பெரிய மூலக்கூறுகள். நல்லெண்ணெயில் பெரும்பாலும் 18 கார்பன் சங்கிலிகள். எஸ்டர் பகுதி முனைவுள்ளதால் எல்லையை நாடும், ஆனால் உடல் பருத்திருப்பதால் வால்களிடையே நுழைய முடியாது. இந்த இழுபறியால் வெறும் கார்பன் எண்ணிக்கை இங்கே வழிகாட்டாது. சர்ஃபாக்டன்ட்டை அதிகமாகச் சேர்த்தால் கூழ் போன்ற திரவப் படிகங்கள் குறுக்கிடும். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி 12 கார்பனுள்ள லாரிக் அமிலம் என்பதால் அது சற்று இணக்கமானது. மருந்துத் துறை வேறு வழி கண்டது. 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நியோரல் என்ற சைக்ளோஸ்போரின் மருந்தில் சோள எண்ணெயின் மோனோ, டை, டிரைகிளிசரைடுகள் கலந்திருக்கின்றன. மோனோ, டை வகைகளிலுள்ள தனி ஹைட்ராக்சில் தொகுதிகள் அவற்றை எல்லையில் நிற்க வைக்கின்றன. அதிலுள்ள எத்தனால் கூழாவதைத் தடுக்கிறது.

கேள்வி: எண்ணெய்க் கிணறுகளில் இதனால் என்ன பயன்?

பதில்: பாறைத் துளைகளில் கச்சா எண்ணெயைச் சிறைப்படுத்துவது எல்லைப்பரப்பு இழுவிசை. நீருக்கும் தூய ஆல்கேனுக்கும் இடையே அது மீட்டருக்குச் சுமார் 50 மில்லிநியூட்டன். மூன்றடுக்குச் சமநிலையில் ஆயிரத்தில் ஒரு மில்லிநியூட்டன் அளவுக்கு வீழும், சிக்கிய துளிகள் நகரத் தொடங்கும். கச்சா எண்ணெய் எண்ணற்ற சேர்மங்களின் கலவையானாலும் இந்த விஷயத்தில் ஒரு தனி ஆல்கேன்போல நடந்துகொள்வது வியப்புக்குரிய வசதி. ஆனால் நிலத்தடியில் அதில் மீத்தேன் கரைந்திருக்கும். அது சமான ஆல்கேன் கார்பன் எண்ணைக் குறைக்கும். மேலே வந்து வாயு நீங்கிய எண்ணெயில் கிடைத்த முடிவு கீழே பொருந்தாமல் போகலாம். எனவே, அந்தந்தக் கிணற்றின் எண்ணெயையும் உப்புநீரையும் கொண்டு, நிலத்தடி வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சோதித்த பிறகே சர்ஃபாக்டன்ட்டை முடிவு செய்ய வேண்டும்.