இரத்தத்திற்கு ஒரு வாயில்: டயாலிசிஸ் வளர்ந்த வரலாறும் நாம் கற்க வேண்டிய பாடமும்

வாரம் இருமுறையோ மும்முறையோ டயாலிசிஸ் பிரிவுக்கு வந்து செல்லும் நோயாளிகளுக்கும் உடன்வரும் குடும்பத்தினருக்கும் அங்குள்ள இயந்திரம் நன்கு பழகிப்போன ஒன்று. அதன் ஒலியும், திரையில் மாறும் எண்களும் அவர்கள் அறிந்தவையே. ஆயினும் அந்தச் சிகிச்சையின் உயிர்நிலை இயந்திரத்தில் இல்லை. நோயாளியின் கையில் இருக்கிறது. அறுவை மருத்துவர் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் இணைத்து அமைத்த ஃபிஸ்டுலாவே அது. அதன்மேல் விரல் வைத்தால் இடைவிடாத மெல்லிய அதிர்வு தென்படும்.

"இந்தக் கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மருத்துவரும் செவிலியரும் திரும்பத் திரும்பக் கூறுவர். ஏன் அவ்வாறு கூறுகின்றனர் என்பதை, டயாலிசிஸ் வளர்ந்த வரலாற்றை அறிந்தவர்கள் எளிதில் உணர்வர். ஒரு பல்கலைக்கழகத்தில் மருத்துவரும் பொறியாளரும் அறுவை நிபுணரும் அணு அறிவியல் பேராசிரியரும் ஒன்றுகூடி உழைத்த அந்த வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

சிறுநீரகத்தின் பணியும் இயந்திரத்தின் பணியும்

உணவு செரித்து உடல் இயங்கும்போது யூரியா, கிரியேட்டினின் முதலிய கழிவுகள் இரத்தத்தில் சேர்கின்றன. சிறுநீரகங்கள் அவற்றை வடித்து வெளியேற்றுகின்றன. நீரின் அளவையும் பொட்டாசியம் போன்ற உப்புகளின் அளவையும் சீராக வைத்திருக்கின்றன. சிறுநீரகங்கள் செயலிழந்தால் கழிவும் நீரும் உடலிலேயே தங்கி உயிருக்கு ஊறு விளைவிக்கும்.

டயாலிசிஸ் இயந்திரத்தில் பொருத்தப்படும் வடிகட்டிக்குள் ஆயிரக்கணக்கான நுண்ணிய குழல்கள் உள்ளன. குழலின் உள்ளே இரத்தம் ஓடுகிறது. வெளியே சுத்திகரிப்புத் திரவம் ஓடுகிறது. குழலின் சுவரில் உள்ள நுண்துளைகள் வழியாகக் கழிவுகள் திரவத்துக்குள் சென்றுவிடும். இரத்த அணுக்களும் பெரும்பாலான புரதங்களும் அளவில் பெரியவை. ஆதலால் அவை இரத்தத்திலேயே தங்கிவிடும்.

இக்கருத்தை மனிதர்க்குப் பயன்படும் கருவியாக முதலில் செய்தவர் வில்லெம் கோல்ஃப் என்னும் டச்சு மருத்துவர். இரண்டாம் உலகப்போரின்போது, 1943-இல், நெதர்லாந்தின் காம்பென் நகரில் அவர் அதனை உருவாக்கினார். இறைச்சியை அடைக்கப் பயன்படும் செல்லோஃபேன் குழாயைச் சுழலும் உருளை ஒன்றின்மேல் சுற்றி, உப்பு நீர்த்தொட்டியில் சுழலவிட்டார். 1945-இல் அக்கருவியால் ஒரு பெண்மணி முதன்முதலாக உயிர் பிழைத்தார்.

வழி தீர்ந்துபோன துயரம்

இயந்திரம் கிடைத்துவிட்டது. ஆனால் இரத்தத்தை உடலிலிருந்து வெளியே கொண்டுவந்து மீண்டும் உள்ளே செலுத்த ஒரு வழி வேண்டும். அக்காலத்தில் ஒவ்வொரு சிகிச்சையின்போதும் தோலைக் கீறி, தமனி ஒன்றிலும் சிரை ஒன்றிலும் கண்ணாடிக் குழாய்களைச் செருகினர். சிகிச்சை முடிந்ததும் குழாய்களை அகற்றினர். அந்த இரத்தக்குழாய்களை மீண்டும் பயன்படுத்த இயலாது. சில முறைகளுக்குப் பின் கையிலும் காலிலும் இரத்தக்குழாய்களே எஞ்சாது.

ஆதலால் டயாலிசிஸ் ஒரு வகை நோயாளிகளுக்கு மட்டுமே பயன்பட்டது. விபத்தாலோ நச்சுப்பொருளாலோ திடீரெனச் செயலிழந்த சிறுநீரகம் சில வாரங்களில் மீளக்கூடும். அதுவரை உயிரைக் காக்கச் சில முறை டயாலிசிஸ் செய்தால் போதும். நாட்பட்ட நோயால் சிறுநீரகங்களை நிலையாக இழந்தோர்க்கு வாழ்நாள் முழுவதும் சிகிச்சை தேவை. அவர்களுக்கு இயந்திரம் இருந்தும் வழி இல்லை.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்னும் மருத்துவர் பணியாற்றிவந்தார். ஒரு நோயாளியின் சிறுநீரகம் மீண்டுவிடும் என்று கருதி அவருக்கு டயாலிசிஸ் செய்தார். நோயாளி நன்கு தேறினார். பின்னரே, அவருடைய சிறுநீரகங்கள் இனி ஒருபோதும் இயங்கா என்று தெரியவந்தது. தேறியிருந்த அந்த மனிதரை, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கூறி வீட்டுக்கு அனுப்ப நேர்ந்தது. அவர் இறந்துபோனார். அத்துயரம் ஸ்க்ரிப்னரை விடாமல் வருத்தியது. ஓர் இரவு உறக்கத்திலிருந்து விழித்தபோது தமக்கு விடை தோன்றியதாக அவர் பிற்காலத்தில் கூறியுள்ளார்.

1960: வளைந்த குழாய் ஒன்று

அவருக்குத் தோன்றிய விடை எளியது. சிகிச்சை முடிந்ததும் குழாய்களை அகற்ற வேண்டாம். தமனிக் குழாயின் முனையையும் சிரைக் குழாயின் முனையையும் கையின் வெளிப்புறத்தில் வளைந்த ஒரு குழாயால் இணைத்துவிடலாம். இரத்தம் தமனியிலிருந்து சிரைக்கு இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். தேங்கும் இரத்தம் எளிதில் உறையும். ஓடும் இரத்தம் அவ்வளவு எளிதில் உறையாது. அடுத்த சிகிச்சையின்போது இணைப்பைக் கழற்றி இயந்திரத்தில் பொருத்திக்கொள்ளலாம்.

கருத்து மருத்துவருடையது, அதைச் செயலாக்கப் பிறரது அறிவு தேவைப்பட்டது. இரத்தம் எளிதில் ஒட்டாத பொருளாக டெஃப்லானைப் பயன்படுத்தலாம் என்ற யோசனையை அறுவை மருத்துவர் ஒருவர் வழங்கினார். இன்று சமையல் பாத்திரங்களில் பூசப்படும் அதே பொருள்தான் அது. டெஃப்லான் குழாயை விரும்பிய வடிவில் வளைப்பது எளிதன்று. மருத்துவமனைக் கருவிப் பட்டறையின் பொறியாளரான வேய்ன் குவின்டன் அதனைச் சூடேற்றி வளைத்து, கைக்குப் பொருந்தும் வடிவில் அமைத்துத் தந்தார். இதய நோயாளிகளை நடக்கவைத்துச் சோதிக்கும் டிரெட்மில் கருவியை வடிவமைத்தவரும் இவரே. டேவிட் டில்லார்ட் என்னும் அறுவை மருத்துவர் 1960 மார்ச் 9 அன்று அக்குழாயை ஒரு நோயாளியின் கையில் பொருத்தினார்.

அந்நோயாளியின் பெயர் கிளைட் ஷீல்ட்ஸ். அவர் ஓர் இயந்திரத் தொழிலாளர். அப்போது அவருக்கு வயது 39. சில நாட்களோ வாரங்களோதான் வாழ்வார் என்ற நிலையில் இருந்த அவர், அதன்பின் 11 ஆண்டுகள் உயிர்வாழ்ந்து 1971-இல் இதயநோயால் காலமானார். நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு உடையவர் டயாலிசிஸால் நெடுங்காலம் வாழ முடியும் என்பதை உலகம் அவரால் அறிந்தது.

யாருக்கு இடம்?

வழி திறந்தவுடன் வேறொரு வினா எழுந்தது. 1962 ஜனவரியில் சியாட்டிலில், மருத்துவமனையில் தங்காமல் வந்து செல்லும் நோயாளிகளுக்கான டயாலிசிஸ் மையம் தொடங்கப்பட்டது. அங்கிருந்தவை மூன்று படுக்கைகளே. தேவையுடையோரோ மிகப் பலர். இடம் பெறுவோரைத் தேர்ந்தெடுக்க ஏழு பேர் கொண்ட குழு ஒன்று அமைக்கப்பட்டது. வழக்கறிஞர், சமயகுரு, வங்கியாளர், இல்லத்தரசி, தொழிற்சங்கத் தலைவர், அரசு அலுவலர், அறுவை மருத்துவர் ஆகியோர் அதன் உறுப்பினர்; அவர்களின் பெயர்கள் வெளியிடப்படவில்லை.

நோயாளியின் வயது, திருமணநிலை, அவரை நம்பியிருப்போரின் எண்ணிக்கை, வருமானம், கல்வி, தொழில் முதலியவற்றை அக்குழு கருத்தில் கொண்டது. இடம் கிடைத்தவர் வாழ்ந்தார், கிடைக்காதவர் இறந்தார். இச்செய்தி 1962 நவம்பரில் 'லைஃப்' இதழில் வெளியானபோது மக்கள் அதிர்ச்சியுற்றனர். ஒருவரின் வருமானமும் தொழிலும் அவருடைய உயிரின் மதிப்பை அளக்கும் கோல்களா என்ற வினா எங்கும் எழுந்தது. மருத்துவ அறநெறி என்னும் துறை வளர்வதற்கு இந்நிகழ்வும் ஒரு காரணமாயிற்று.

1972-இல் அமெரிக்க அரசு நிலையான சிறுநீரகச் செயலிழப்பு உடையோரின் சிகிச்சைச் செலவை ஏற்கும் சட்டம் இயற்றியது. இந்தியாவில் 2016-இல் பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டம் அறிவிக்கப்பட்டு, மாவட்ட மருத்துவமனைகள் வழியாக ஏழை எளியோர்க்குக் கட்டணமற்ற டயாலிசிஸ் வழங்க வகைசெய்யப்பட்டது. செலவைக் குறித்த கவலை உடையவர்கள் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டறியத் தயங்க வேண்டாம்.

அணு அறிவியல் துறையிலிருந்து வந்த உதவி

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அணுப் பொறியியல் பேராசிரியராக இருந்தவர் ஆல்பர்ட் பாப். அவருடைய நண்பரின் மகளான பள்ளி மாணவி ஒருத்திக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்தன. மையத்தின் விதிகளின்படி அவ்வயதினர்க்கு அங்கு இடமில்லை. ஆகவே, வீட்டிலேயே டயாலிசிஸ் செய்யத்தக்க சிறு இயந்திரம் ஒன்றைச் செய்துதருமாறு ஸ்க்ரிப்னர் கேட்க, பாப்பும் அவருடைய குழுவினரும் இரவு பகலாக உழைத்துச் சில மாதங்களில் அதனை உருவாக்கினர். திரவத்தைத் தானே கலந்து, அதன் வெப்பத்தையும் உப்பின் செறிவையும் கண்காணித்து, பிழை நேர்ந்தால் ஒலியெழுப்பி எச்சரிக்கும் இயந்திரம் அது. 1964-இல் அம்மாணவியின் வீட்டில் அது இயங்கத் தொடங்கியது. இன்று நம் மருத்துவமனையில் உள்ள இயந்திரங்களின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று.

அவ்வீட்டில் இயந்திரத்தை இயக்கக் கற்றுக்கொண்டவர் அவளுடைய தாய். சிகிச்சையில் குடும்பத்தினரும் ஒரு துறையினராகப் பங்கேற்க முடியும் என்பதற்கு அத்தாய் சான்று.

இயந்திரத்தின் அருகே இரண்டு கேன்களில் திரவம் வைக்கப்பட்டிருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். அதன் காரணமும் இவ்வாராய்ச்சியோடு தொடர்புடையது. அடர்ந்த கரைசலில் பைகார்பனேட்டும் கால்சியமும் ஒன்றாக இருந்தால் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். சியாட்டில் குழுவினர் 1964-இல் பைகார்பனேட்டுக்கு மாற்றாக அசிட்டேட்டைப் பயன்படுத்தி அச்சிக்கலைக் கடந்தனர். பிற்காலத்தில் இரண்டையும் தனித்தனிக் கேன்களில் வைத்து, இறுதி நேரத்தில் இயந்திரமே நீருடன் கலக்கும் முறை வந்தது. ஆதலால் பைகார்பனேட்டே மீண்டும் வழக்கத்துக்கு வந்துள்ளது.

தோலுக்கு அடியில் மறைந்த வாயில்

ஸ்க்ரிப்னரின் குழாய் தோலுக்கு வெளியே இருந்தது. ஆகையால் கிருமித்தொற்றும் இரத்த உறைவும் அடிக்கடி ஏற்பட்டன. குழாய் கழன்றால் பெரும் இரத்தப்போக்கு நேரும் அபாயமும் இருந்தது. இதற்குத் தீர்வு நியூயார்க்கின் பிரான்க்ஸ் பகுதியில் இருந்த முன்னாள் படைவீரர் மருத்துவமனையிலிருந்து வந்தது. சிமினோ, பிரெஷியா ஆகிய மருத்துவர்களும் அப்பெல் என்னும் அறுவை மருத்துவரும் மணிக்கட்டின் அருகே தமனியையும் சிரையையும் நேரடியாக இணைத்தனர். 1966-இல் அம்முறையை வெளியிட்டனர்.

சாதாரணச் சிரையில் இரத்தம் மெதுவாக ஓடும். டயாலிசிஸ் இயந்திரத்துக்கோ நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லிலிட்டர் இரத்தம் தேவை. தமனியின் அழுத்தமும் வேகமும் சிரைக்குள் பாயும்போது, அச்சிரை சில வாரங்களில் பருத்து, சுவர் தடித்து, ஊசிகளைத் தாங்கும் வலிமை பெறுகிறது. ஃபிஸ்டுலா அமைத்த உடனே அதனைப் பயன்படுத்தாமல் காத்திருப்பதற்கு இதுவே காரணம். நாம் விரலால் உணரும் அதிர்வு, தமனியின் இரத்தம் சிரைக்குள் பாய்வதால் எழுவது. அதிர்வு இருக்கும்வரை வாயில் திறந்திருக்கிறது என்று பொருள்.

நாம் செய்ய வேண்டியவை

ஒருவரின் உடலில் ஃபிஸ்டுலா அமைக்கத்தக்க இடங்கள் சிலவே. ஒன்று கெட்டால் மற்றொன்று என்று முடிவின்றி மாற்றிக்கொள்ள இயலாது. அன்று கண்ணாடிக் குழாய்களால் வழி தீர்ந்துபோனதைப் போலவே, இன்றும் கவனக்குறைவால் வழி தீர்ந்துபோகக்கூடும். ஆதலால் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம்.

1. நாள்தோறும் காலையிலும் இரவிலும் ஃபிஸ்டுலாவின்மேல் விரல் வைத்து அதிர்வை உணருங்கள். அதிர்வு குறைந்தாலோ நின்றாலோ அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள்.

2. அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ, பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கவோ, குளுக்கோஸ் ஏற்றவோ இடங்கொடாதீர்கள். வேறு மருத்துவமனைக்குச் சென்றாலும் இதனை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

3. இறுக்கமான வளையல், கைக்கடிகாரம், சட்டைக்கை ஆகியவற்றைத் தவிருங்கள். அந்தக் கையைத் தலைக்கு வைத்து உறங்காதீர்கள். அக்கையால் பெருஞ்சுமை தூக்காதீர்கள்.

4. ஊசி குத்தும் முன் அந்தக் கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். சிவத்தல், வீக்கம், வலி, சீழ், காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

5. ஊசி குத்திய இடத்தில் இரத்தம் கசிந்தால் தூய துணியால் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பீறிட்டு வந்தாலோ நிற்காமல் வந்தாலோ அழுத்திப் பிடித்தபடியே அவசர உதவி கோருங்கள்.

6. நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்கள், டயாலிசிஸ் இன்னும் தொடங்காத நிலையிலும், அதிகம் பயன்படுத்தாத கையின் சிரைகளைக் காத்துக்கொள்ளுங்கள். இரத்தம் எடுக்க நேரும்போது புறங்கையில் எடுக்குமாறு கேட்கலாம்.

பாடத்தின் சாரம்

டயாலிசிஸ் எந்த ஒரு துறையாலும் தனித்து உருவாக்கப்படவில்லை. நோயாளியின் துயரத்தைக் கண்ட மருத்துவர், பட்டறையில் குழாயை வளைத்த பொறியாளர், அணு அறிவியல் பேராசிரியர், இயந்திரத்தை இயக்கிய தாய் ஆகிய அனைவரும் சேர்ந்து திறந்த வாயில் இது. கோல்ஃபும் ஸ்க்ரிப்னரும் 2002-இல் லாஸ்கர் விருதை இணைந்து பெற்றனர். அவர்களின் உழைப்பு இன்று உங்கள் மணிக்கட்டின் அதிர்வாகத் தொடர்கிறது. அதனைக் காக்கும் பணியில் எங்களுக்குப் பங்குண்டு. நாள்தோறும் உங்களோடு இருக்கும் குடும்பத்தினர்க்கு அதனினும் பெரும் பங்குண்டு.

இப்பாடத்தைப் படித்து முடித்தபின் குடும்பத்தினர் கீழ்க்காணும் வினாக்களைத் தமக்குள் கேட்டுப் பார்க்கலாம். நம் வீட்டு நோயாளியின் ஃபிஸ்டுலா எந்தக் கையில் உள்ளது? இன்று அதில் அதிர்வு இருந்ததா? அது நின்றால் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும்? மூன்றாம் வினாவுக்கு விடை தெரியாதவர்கள், அடுத்த முறை வரும்போது டயாலிசிஸ் பிரிவுச் செவிலியரிடம் கேட்டு, அந்த எண்ணை வீட்டில் அனைவரும் காணும் இடத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.