சிறுகுடல் புறவாயை மூடுதல்: அறுவை முறைகளின் ஒப்பீடு

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஆனேக்கல் வட்டத்தில் அமைந்துள்ள ஊர் சந்தாபுரா. அதனை அடுத்த பொம்மசந்திராவில், 2000-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற நாராயண ஹிருதயாலயாவின் மருத்துவமனைத் தொகுதி உள்ளது. இதே சாலையில் நகரை நெருங்குமிடத்தில், 1973-இல் நிறுவப்பெற்ற கித்வாய் புற்றுநோய் நிலையம் அமைந்துள்ளது. இவ்வட்டாரத் தொழிற்சாலைகளில் பணிபுரிவோருள் கிருஷ்ணகிரி, தருமபுரி முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்களும் உளர். இத்தகையோருள் ஒருவர் நகரத்து மருத்துவமனையில் குடல் அறுவை செய்துகொண்டு, வயிற்றில் பையுடன் சொந்த ஊருக்குத் திரும்புவாராயின், அப்பையை நீக்கும் இரண்டாம் அறுவைக்கு அவர் உரிய காலத்தில் வருதல் இன்றியமையாதது. அவ்விரண்டாம் அறுவையின் முறைகளை ஒப்பிட்டு நோக்குவதே இப்பாடத்தின் பொருளாகும்.

புறவாய் அமைப்பதன் நோக்கம்

மலக்குடலில் தோன்றிய புற்றை அகற்றியபின், எஞ்சிய குடலின் இரு முனைகளையும் தாழ்ந்த இடத்தில் இணைக்க நேரிடுகிறது. அவ்விணைப்பு ஆறும்வரை மலம் அதன் வழியே செல்லாதிருத்தல் நலம். ஆதலின், சிறுகுடலின் கடைப்பகுதியை வளையமாக வயிற்றுச் சுவருக்கு வெளியே கொணர்ந்து, திறந்து, தோலுடன் தைத்துவிடுவர். இதுவே இலியாஸ்டமி எனப்படும் சிறுகுடல் புறவாய். டைபாய்டு சுரத்தால் சிறுகுடலில் துளை விழுந்தவர்களுக்கும் நம் நாட்டில் இவ்வாறு செய்வதுண்டு. கழிவு ஒட்டுப் பையில் சேரும். பெருங்குடல் செய்ய வேண்டிய நீர் உறிஞ்சும் தொழில் இங்கு நடைபெறாமையால், உடலின் நீரும் உப்பும் எளிதில் வற்றும் அபாயம் உண்டு.

குடலை இணைக்கும் மூன்று முறைகள்

முதலாவது, வளையத்தைத் தோலினின்று விடுவித்து, திறந்திருக்கும் முன்சுவரை மட்டும் கையால் தைத்து மூடுதல். இதில் குடல் எதுவும் வெட்டி நீக்கப்படுவதில்லை. இரண்டாவது, புறவாய் இருந்த சிறு பகுதியை வெட்டி நீக்கி, இரு முனைகளையும் நேருக்கு நேர் கையால் தைத்தல். மூன்றாவது, குடலின் இரு கால்களையும் பக்கம் பக்கமாக வைத்து, ஸ்டேப்ளர் என்னும் கருவியால் நுண்ணிய உலோக ஊசிகளைச் செலுத்தி இணைத்தல். இதில் இணைப்பின் வாய் அகன்று அமையும்.

குடலை இணைக்கக் கருவி தேடிய முயற்சி புதியதன்று. குடற் காயத்தின் விளிம்புகளைக் கட்டெறும்புகளைக் கடிக்கச் செய்து பொருத்தும் முறை சுசுருத சம்ஹிதையிலேயே கூறப்பட்டுள்ளது. அறுவைக்குரிய முதல் ஸ்டேப்ளரை ஹங்கேரிய மருத்துவர் ஹியூல்ட்ல் 1908-இல் கையாண்டார்.

எம்முறை சிறந்தது?

இவ்வினாவுக்கு விடை காண ஜெர்மானிய அறுவை மருத்துவர்கள் 27 மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடத்தி, 2012-இல் முடிவை வெளியிட்டனர். 337 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். அறுவைக்குப்பின் 30 நாட்களுக்குள் குடல் அடைப்பு நேர்ந்தவர்கள் ஸ்டேப்ளர் பிரிவில் 10.3 சதவீதம், கைத்தையல் பிரிவில் 16.6 சதவீதம். எனினும், இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கக்கூடும் எனப் புள்ளியியல் கணிப்பு காட்டிற்று. இணைப்பில் கசிவு முறையே 3.0, 1.8 சதவீதம், இதிலும் உறுதியான வேறுபாடு இல்லை. ஸ்டேப்ளரால் அறுவை நேரம் சுமார் 15 நிமிடம் குறைந்தது. பல ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து நோக்கியபோது, அடைப்பைக் குறைப்பதில் ஸ்டேப்ளர் ஓரளவு மேம்பட்டதெனத் தெரிந்தது. ஆயினும் கருவியின் விலை கூடுதல். எனவே, கையால் தைத்தார்கள் என்பதனால் சிகிச்சை தாழ்ந்ததென நோயாளி கருத வேண்டுவதில்லை.

தோலை மூடும் முறையிலோ வேறுபாடு தெளிவாக உள்ளது. புறவாய் இருந்த இடம் கிருமிகள் மிகுந்தது. அதனை ஒரே கோடாகத் தைத்து மூடினால் சீழ் பிடித்தல் அதிகம். சுருக்குப் பையின் வாயை இழுப்பதுபோலச் சுற்றிலும் தைத்து, நடுவில் சிறு துளை விட்டுவிடின், கசிவு வெளியேறிப் புண் உள்ளிருந்து ஆறிவரும். இம்முறையில் சீழ் பிடித்தல் வெகுவாகக் குறைகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. நடுவில் திறந்திருக்கும் துளையைக் கண்டு, தையல் பிரிந்துவிட்டதென உறவினர் அஞ்சுதல் கூடாது.

மூடிய இடத்தில் பின்னர்க் குடலிறக்கம் தோன்றுவதும் உண்டு. உயிர்த்திசுவாலான வலையை வயிற்றுச் சுவரில் பொருத்தினால், இரண்டாண்டு முடிவில் குடலிறக்கம் 20 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது என 2020-இல் வெளிவந்த பிரிட்டிஷ் தலைமையிலான ஆய்வு கூறுகிறது.

காலமும் கவனிப்பும்

பொதுவாக 8 முதல் 12 வாரம் கழித்துப் புறவாயை மூடுவர். தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு, இணைப்பு நன்கு ஆறுகின்றதெனச் சோதித்தபின், 8 முதல் 13 நாட்களிலேயே மூடினால் சிக்கல்கள் குறைவு என டென்மார்க், சுவீடன் நாடுகளின் ஆய்வு 2017-இல் தெரிவித்தது. இது அனைவர்க்கும் பொருந்தாது. எவ்வாறாயினும், தாழ்ந்த இணைப்பை மருத்துவர் விரலாலும், சாயம் செலுத்திய எக்ஸ்ரே படத்தாலும் சோதித்த பின்னரே மூடுதல் முறையாகும்.

கள ஊழியர்கள் செய்யத்தக்கவை பின்வருமாறு:

1. பையுடன் ஊர் திரும்பியவரின் மருத்துவச் சீட்டைப் பார்த்து, மறு அறுவைக்குரிய நாளைக் குறித்துவைத்து நினைவூட்டுக.

2. நாவறட்சி, சிறுநீர்க் குறைவு, தசைப்பிடிப்பு ஆகியவை காணின், உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து மருத்துவரிடம் அனுப்புக. வெறும் நீரை மிகுதியாகக் குடித்தல் இழப்பைக் கூட்டும்.

3. மூடியபின் சில வாரம் மலம் இளகி அடிக்கடி போதல் இயல்பு. வாந்தி, வயிற்று உப்பசம், காற்றுப் பிரியாமை, காய்ச்சல் ஆகியவை இயல்பல்ல. அன்றே மருத்துவமனை சேர்த்தல் வேண்டும்.

4. செலவுக்கு அஞ்சி நாளைத் தள்ளுவோரிடம், 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்ட உதவியை மருத்துவமனையில் விசாரிக்கச் சொல்க.

நூலா, ஊசியா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். நோயாளி உரிய நாளில் அவர்முன் வந்து நிற்பதோ ஊர் ஊழியரின் நினைவூட்டலையும் பொறுத்தது.

பயிற்சி வினாக்கள்

1. புறவாய் உடையவர்க்கு நீரும் உப்பும் வற்றும் அபாயம் ஏன் உண்டாகிறது?

2. கைத்தையல், ஸ்டேப்ளர் ஆகிய முறைகளை நேரம், அடைப்பு, கசிவு ஆகியவற்றில் ஒப்பிடுக.

3. சுருக்குத் தையலில் நடுத்துளை விடப்படுவதன் காரணம் யாது?