மாதிரிப் புகையிரதப் பாதையின் விலையும் பெறுமதியும்



மாதிரிப் புகையிரதப் பாதை என்பது, பலகை மேடை ஒன்றின்மீது தண்டவாளம், நிலையம், பாலம், மரம், மண் ஆகிய யாவற்றையும் ஒரே விகிதத்திற் சுருக்கி அமைத்து, மின்சாரத்தால் ஓடும் சிறு வண்டிகளை அதிலே இயக்கும் கலையாகும். அதற்கு இரண்டு கணக்குகள் உண்டு. விற்கப்போனாற் கையில் வரும் பணம் ஒன்று. அமைத்தவருக்கும் அவருடைய ஊருக்கும் அது தரும் பெறுமதி மற்றொன்று. யாழ்ப்பாணத்துப் பாதையை மாதிரியாக்க விரும்புகின்ற இளையவர் ஒருவர், இவ்விரண்டும் பெரும்பாலும் எதிரெதிர்த் திசையிற் செல்பவை என்பதைப் பலகை அறுக்குமுன்பே அறிந்திருத்தல் வேண்டும்.

விலைக்கணக்கு எளியது. மேடையிலிருந்து பழுதின்றிக் கழற்றி எடுக்கக்கூடிய எஞ்சின்கள், பெட்டிகள், மின்கட்டுப்பாட்டுக் கருவிகள் ஆகியவற்றுக்கே சந்தை உண்டு. அவையும் வாங்கியபோது வந்த அட்டைப்பெட்டியோடும் பற்றுச்சீட்டோடும் இருந்தாற்றான் நல்ல விலைக்குப் போகும். பசையிட்டு ஒட்டிய நிலம், சாந்து பூசிய மேடு, மேடைக்கடியில் இழுத்த கம்பிகள் ஆகியன பிரிக்கும்போதே அழிந்துவிடுவதால், எத்தனை ஆண்டு உழைப்பு அவற்றிலே கிடந்தாலும் வாங்குபவர் அவற்றுக்குப் பணம் தருவது அரிது. 1891 முதல் தண்டவாளத்தோடு கூடிய தொகுதிகளை விற்ற ஜெர்மனியின் மெர்க்லின், 1920 இல் வந்த பிரித்தானியாவின் ஹோர்ன்பி ஆகியவற்றின் பழைய தகர வண்டிகள் ஏலங்களிற் பெருந்தொகைக்குப் போவதுண்டெனினும், அது அருமையையும் வண்ணம் கெடாத நிலையையும் பார்த்துச் சேகரிப்போர் தரும் விலையேயன்றிப் பாதை அமைப்போரின் உழைப்புக்கு உரியதன்று.

இதனினும் கூர்மையான உண்மையொன்று உண்டு: மாதிரி தன் மூலத்தை நெருங்க நெருங்க, அதன் சந்தை விலை குறைவதுண்டு. உலகிற் பரவலாக வழங்கும் எச்.ஓ. எனப்படும் அளவில், மூலத்தின் 87 அலகுகள் மாதிரியில் 1 அலகாகச் சுருங்கும். அந்த அளவில் விற்கப்படும் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீற்றர், அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பொதுவான 1435 மில்லிமீற்றர் பாதைக்குச் சரியாக இருக்கும். இலங்கையின் அகலப்பாதையோ 1676 மில்லிமீற்றர். அதை 87 ஆல் வகுத்தால் 19.3 மில்லிமீற்றர் அளவில் வரும். ஆகவே கடையில் வாங்கிய தண்டவாளத்தின்மேல் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஓடும் யாழ்தேவி வண்டியை ஓடவிட்டால், பெட்டிக்குக் கீழே பாதை ஒடுங்கித் தெரியும். சரியான அகலத்தில் தண்டவாளத்தைக் கையாலேயே பதித்தால், கடையில் வாங்கிய எந்த எஞ்சினும் சக்கரத்தை மாற்றாமல் அதில் ஓடாது. அவ்வமைப்பை வாங்க முன்வருபவரும் மிகச் சிலரே. இருப்பினும், இரண்டாவது வழியையே இம்மடல் பரிந்துரைக்கின்றது. இப்பாதையை அமைப்பதன் நோக்கம் விற்பனையன்று.

அந்நோக்கம் விளங்கவேண்டுமாயின் யாழ்ப்பாணம் செல்லும் வடபாதையின் கதை தெரிந்திருக்கவேண்டும். குடாநாட்டில் 1902 இல் ஓடத் தொடங்கிய புகையிரதம், 1905 இற் கொழும்போடு நேராக இணைந்தது. 1956 ஏப்ரலில் யாழ்தேவி கடுகதி சேவையாகத் தொடங்கியது. கொழும்புத் திட்டம் என்னும் பன்னாட்டு உதவித் திட்டத்தின்கீழ்க் கனடா அளித்த டீசல் எஞ்சின்கள், அல்பேர்ட்டா, ஒன்ராறியோ என்று அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி, கனடாவுக்கு யாழ்ப்பாணத்தார் பெருந்திரளாகக் குடிபெயர்வதற்குப் பல்லாண்டுகள் முன்னரே இந்நாட்டுப் பாதைகளில் ஓடின. 1990 ஜூனில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கான சேவை நின்றது. அதன்பின் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் போயின. யாழ்ப்பாண நிலையம் குண்டுபட்டுச் சிதைந்து கிடந்தது. இந்தியக் கடனுதவியில் இர்கோன் நிறுவனம் பாதையை மீள அமைத்தபின்பே, 2014 மார்ச்சிற் பளைக்கும், அக்டோபர் 13 ஆம் திகதி யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியிற் காங்கேசன்துறைக்கும் வண்டி வந்தது. இடையிற் கழிந்த காலத்தில், புகையிரதத்தைக் கண்ணாற் காணாமலே ஒரு தலைமுறை இங்கு பள்ளிப்படிப்பை முடித்தது. புதிய பாதை உறுதியானது, வேகமானது. ஆனால் பழைய நிலையங்கள் பலவற்றின் முகமும் பக்கப்பாதைகளின் அமைப்பும் அதனுடன் திரும்பி வரவில்லை. அவற்றை அளவோடு மீட்டுக் காட்டக்கூடிய மாதிரிப் பாதை, விளையாட்டுப் பொருள் என்ற நிலையைக் கடந்து ஆவணமாகின்றது.

எதை அமைப்பது என்பதும் சிந்தனைக்குரியது. பளையிலிருந்து காங்கேசன்துறை வரையுள்ள ஏறத்தாழ 56 கிலோமீற்றரை எச்.ஓ. அளவிற் சுருக்கினாலும் 640 மீற்றருக்கு மேல் வரும். எந்த வீட்டு அறையும் அதற்குப் போதாது. ஆதலால் ஓரிடத்தைத் தெரிந்தெடுத்து, ஏனையவற்றை விடவேண்டும். நாவற்குழிப் பாலமும் கடல்நீரேரியும் அழகிய காட்சி. சுன்னாகத்துச் செம்மண்ணும் தோட்டங்களும் எளிதில் அமையும். ஆயினும் மிகுந்த தகுதியுடையது 1990 க்கு முந்திய காங்கேசன்துறையே. 1950 இல் தொடங்கப்பெற்ற சீமெந்துத் தொழிற்சாலை, அதற்குச் சென்ற பக்கப்பாதை, துறைமுகம், பாதையின் முடிவு ஆகிய யாவும் சிறு பரப்பில் அடங்குவதோடு, அங்கிருந்து இடம்பெயர்ந்த மக்கள் தம் ஊரை நெடுங்காலம் கண்ணாற் காணவும் இயலாதிருந்தார்கள். வெளிநாட்டுக் கடைகளில் ஊசியிலை மரங்கள் கிடைக்கும். ஆனால் 20 மீற்றர் உயர்ந்த பனையை 23 சென்ரிமீற்றரிற் செய்ய, கம்பியும் தாளும் பொறுமையும் வேண்டும். மண்ணை மட்டும் வாங்கவேண்டியதில்லை. அரித்து எடுத்த ஊர்மண்ணையே பசையில் தூவினால் நிறம் தவறாது.

பெறுமதியைக் காக்கும் வழிகளும் உண்டு. மேடையை ஒரே பலகையாகச் செய்யாமல், இருவர் தூக்கக்கூடிய துண்டுகளாகச் செய்து, ஆணியும் மரையும் கொண்டு இணைப்பது சிறந்தது; வீடு மாறுவதும் நாடு மாறுவதும் யாழ்ப்பாணச் சமூகத்துக்குப் புதியனவல்ல. வாங்கியவற்றுக்குத் திகதியும் விலையும் எழுதிய பட்டியலும் ஒளிப்படங்களும் இருந்தால், காப்புறுதி கோரும்போதும், அமைத்தவருக்குப்பின் குடும்பத்தார் விற்க நேரும்போதும் ஏமாற்றத்துக்கு இடமிராது. கம்பிகளின் வரைபடத்தையும் எழுதிவைக்கவேண்டும்; அஃதில்லாத அமைப்பை, செய்தவரையன்றி வேறெவரும் ஓட்ட இயலாது. இந்தியாவின் புனேயில் பாவ்சாகேப் ஜோஷி அமைத்து 1998 இற் பொதுமக்களுக்குத் திறந்த சிறுபுகையிரத அருங்காட்சியகம் அவருடைய குடும்பத்தாரால் தொடர்ந்து நடத்தப்படுவதைக் கருதினால், பிறர் இயக்கத்தக்கதாக ஒன்றை ஒப்படைப்பதன் அருமை விளங்கும்.

ஆனால் முதற்செலவு பணமன்று. 1990 இற் புகையிரத நிலையங்களில் வேலைசெய்த இளைஞர்கள் இன்று ஐம்பதைக் கடந்து முதுமையை நெருங்குகின்றார்கள். மூத்த அலுவலர்களிற் பலர் மறைந்துவிட்டார்கள். எஞ்சியோரிடம், கைகாட்டி மரங்கள் எங்கெங்கே நின்றன, தொழிற்சாலைப் பக்கப்பாதை எவ்விடத்திற் பிரிந்தது, மேடைக்கூரை ஓடா தகரமா, நிலையச் சுவருக்கு என்ன நிறம், பிள்ளைகள் எந்தக் கடவையிலே நின்று கைகாட்டினார்கள் என்பனவற்றைக் கேட்டு, சொன்னவர் பெயரோடு எழுதிக்கொள்வதே உம்முடைய முதல் வேலை. பலகை அறுப்பது அதற்குப் பின்னர்.