குப்பைக்கு விலை வைத்தல்

நம் கிராமங்களில் ஒரு தலைமுறைக்கு முன்வரை ‘குப்பை’ என்னும் சொல் அருவருக்கத்தக்க பொருளைக் குறித்ததில்லை. உழவர் குப்பை என்றால் அஃது எருவே ஆகும். தொழுவத்துச் சாணமும், அடுப்புச் சாம்பலும், வாசல் கூட்டிய சருகும் ஒரே குழியில் சேர்ந்து மக்கி, கோடையில் வண்டியேறி வயலுக்குச் சென்றன. மாடில்லாத வீட்டார் தம் குப்பையை வண்டிக் கணக்கில் விற்றதும் உண்டு. மீதமிருந்த பழைய இரும்பு, ஈயம், பித்தளை ஆகியவற்றைத் தலைச்சுமை வியாபாரி பேரீச்சம்பழத்திற்கு மாற்றிக்கொண்டு போனார். ஆகவே, ‘குப்பைக்குச் சந்தை’ என்பது வெளிநாட்டார் நமக்குக் கற்பிக்கவேண்டிய புதுமையன்று. சந்தைக்கு வராத குப்பை ஒன்று நம் வீடுகளில் புகுந்துவிட்டது என்பதே புதுமை.

ஷாம்பு உறை, தின்பண்டப் பொட்டலம், பிளாஸ்டிக் பை ஆகியவை மக்குவதுமில்லை. பெரும்பாலும் விலை போவதுமில்லை. ஒன்றை வாய்க்காலில் எறிபவருக்கு எந்த நட்டமும் இல்லை. ஆனால் மழைக்காலத்தில் மதகு அடைத்துக்கொள்ளும்போதும், பையைத் தின்ற பசு வயிறு ஊதிச் சாகும்போதும், எரித்த புகை அண்டை வீட்டுக் குழந்தையின் மூச்சில் கலக்கும்போதும் நட்டம் பிறர் தலையில் விழுகிறது. இந்த நட்டத்தை எறிபவரின் கணக்கிலேயே ஏற்றும்படி விலையொன்றை அமைத்தால் அவர் எறியுமுன் எண்ணிப்பார்ப்பார் என்பது பொருளியலார் கருத்து. அவ்விலையை இரண்டு இடங்களில் வைக்கலாம். குப்பையைப் போடும்போது கட்டணம் வாங்கலாம். அல்லது பொருளை விற்கும்போதே முன்பணம் வாங்கி, திருப்பிக் கொணரும்போது கொடுத்துவிடலாம். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் விளைவில் பெரிதும் வேறுபடுவன.

முதல் முறைக்குத் தென் கொரியா சிறந்த எடுத்துக்காட்டாகும். அங்கே முன்பு வீட்டின் பரப்பையோ சொத்து வரியையோ ஒட்டிக் குப்பைக் கட்டணம் வசூலிக்கப்பட்டது. ஒரு கூடை போட்டாலும் ஒன்பது கூடை போட்டாலும் கட்டணம் ஒன்றே. 1995 சனவரி முதல் நாடு முழுவதும் இம்முறை மாற்றப்பட்டது. நகராட்சி விற்கும் குறிப்பிட்ட பையை விலைகொடுத்து வாங்கி, அதில் இட்ட குப்பையை மட்டுமே ஊழியர் எடுத்துச் செல்வர். காகிதம், கண்ணாடி, உலோகம் முதலியவற்றைப் பிரித்து வைத்தால் கட்டணமில்லை. பெரிய பைக்கு விலை கூடுதல் ஆதலின், பையை நிரப்பும் பொருளைக் குறைப்பதும், விலையின்றி எடுக்கப்படுவதைப் பிரிப்பதும் இல்லத்தரசிக்கே ஆதாயமாயின. 1994இல் ஆளொன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.3 கிலோவாக இருந்த குப்பை, சில ஆண்டுகளில் ஏறக்குறைய 1 கிலோவாகக் குறைந்தது. 2013 முதல் பல நகரங்களில் உணவுக் கழிவையும் எடைபோட்டுக் கட்டணம் வாங்கத் தலைப்பட்டனர்.

இதனைக் கேட்டவுடன் நம் ஊராட்சியிலும் பை விற்கலாமே என்று சிலர் நினைக்கலாம். நாம் அதனை ஒப்பவில்லை. கொரிய நகரத்து மாடிவீட்டில் வாழ்பவர் குப்பையை வேறெங்கும் கொட்ட இயலாது, கொட்டினால் அபராதம், கொட்டுபவரைக் காட்டிக் கொடுத்தவருக்குப் பரிசும் உண்டு. அங்கும் தொடக்கத்தில் கள்ளத்தனமாகக் கொட்டுதல் இல்லாமற் போகவில்லை. நம் கிராமத்திலோ கொல்லை உண்டு, ஓடை உண்டு, ஏரிக்கரை உண்டு, தீப்பெட்டியும் உண்டு. பைக்குப் பத்து ரூபாய் என்று சொன்ன மறுநாளே பை நின்றுவிடும், புகை எழும். எறிவதற்கு இலவசமான இடம் இருக்குமட்டும், எறிவதற்குக் கட்டணம் என்னும் விதி நேர்மையாகப் பிரித்துக் கொடுப்பவரையே தண்டிக்கும்.

இரண்டாவது முறை இதற்கு நேர்மாறானது. இதுவும் நாம் அறிந்ததே. கோலி சோடாவைக் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் சீசாவுக்கு முன்பணம் கட்டவேண்டும்; காலிச் சீசாவைக் கொடுத்தால் காசு திரும்பிவிடும். சோடாவைவிடச் சீசாவே விலையுயர்ந்ததாகையால் கடைக்காரர் கண்ட வழி அது. யாரும் அதனைச் சுற்றுச்சூழல் கொள்கை என்று அழைக்கவில்லை.

நீலகிரி மாவட்டத்தில் காடுகளிலும் சாலையோரங்களிலும் வீசப்பட்ட மதுச் சீசாக்களின் உடைந்த சில்லுகள் யானைகளின் காலைக் கிழித்தன. சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டுதலின்பேரில், 2022 மே 15 முதல் அம்மாவட்டத்து அரசு மதுக்கடைகளில் சீசா ஒன்றுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிச் சீசாவைக் கொணர்ந்தவருக்கு அதனைத் திருப்பித் தரும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. (மது நல்லதா என்பது வேறு விசாரணை, சீசாவைப் பற்றியே இங்குப் பேசுகிறோம்.) தொடக்கத்தில் திரும்பியவை குறைவே. நாளடைவில் விற்ற பத்தில் ஒன்பதுக்கு மேல் திரும்பிவந்தன. பின்னர் கோயம்புத்தூர், பெரம்பலூர் முதலிய மாவட்டங்களுக்கும் திட்டம் விரிந்தது.

இங்கு நுட்பமாக நோக்கவேண்டுவது ஒன்றுண்டு. குடித்தவர் சீசாவை வீசியெறிந்தாலும் திட்டம் தோற்பதில்லை. ஏனெனில் அவர் எறிவது பத்து ரூபாயை. முப்பது சீசா பொறுக்கிச் சேர்த்த ஒருவருக்கு முந்நூறு ரூபாய் கிடைக்கும். அது ஒருநாட் கூலிக்கு ஒப்பாகும். காவலரும் அபராதமும் செய்யவியலாத வேலையைச் சீசாவின் கழுத்திலுள்ள பத்து ரூபாய் செய்கிறது. செருமனியில் 2003 முதல் ஒருமுறை உபயோகிக்கும் பானச் சீசாவுக்கும் தகரக் குவளைக்கும் 25 சென்ட் முன்பணம் வைத்தபின், அங்கும் வறியோர் பலர் இவ்வாறே பொறுக்கி வருவாய் காண்கின்றனர்.

எனினும் குறை இல்லாமலில்லை. காலிச் சீசாக்களை எண்ணவும், ஒட்டுச்சீட்டைப் பார்க்கவும், அடுக்கி வைக்கவும் ஆளும் இடமும் வேண்டும். கடை ஊழியர் இவ்வேலைப்பளுவைப் பற்றி முறையிட்டனர், அம்முறையீடு நியாயமானதே. திருப்பித் தருவதற்கும் ஒரு செலவுண்டு என்பதையும் அதனை யார் ஏற்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யாத திட்டம், கீழ்நிலை ஊழியரின் தோள்மீதே ஏறி உட்கார்ந்துவிடும்.

இனிக் காயலான் கடைக்கு வருவோம். இரும்பு, தகரம், அட்டை, தண்ணீர்ப் புட்டி ஆகியவை அங்கு விலைபோகின்றன. மினுமினுக்கும் தின்பண்டப் பொட்டலத்தை எந்த வியாபாரியும் தொடமாட்டார். பிளாஸ்டிக்கும் உலோகப் பூச்சும் ஒன்றன்மேலொன்றாக ஒட்டியிருப்பதால் அதனைப் பிரித்து உருக்குவது இலாபந் தராது. சந்தை தானாக எடுக்காத இத்தகைய பொருளுக்கு அரசே வாங்குவோரை உண்டாக்கவேண்டியிருக்கிறது. மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கண்ட முறையில், துண்டாக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான சல்லிமீது தூவிப் பூச்சாக்கித் தாருடன் கலந்து சாலை போடப்படுகிறது. அதனால் நம் மாநிலத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் கழிவுப் பிளாஸ்டிக்கை அரைத்து விற்கும் வாய்ப்பு ஏற்பட்டது. மேலும், பொட்டலத்தைச் சந்தைக்கு அனுப்பும் கம்பெனிகள் அதனைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பையும் ஏற்கவேண்டுமென்றும், மறுசுழற்சி செய்வோரிடமிருந்து சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்டலாமென்றும் 2022இல் மத்திய அரசு விதி வகுத்தது. கொள்கை நல்லதே. ஆனால் சான்றிதழின் விலை மறுசுழற்சி ஆலையிலேயே நின்றுவிடாமல், தெருவில் வண்டி தள்ளும் தூய்மைக் காவலரின் கையை எட்டவேண்டுமானால், ஊராட்சியில் தராசும் எடைச்சீட்டும் இருத்தல் வேண்டும். எழுதப்படாத எடைக்கு விலை கேட்பது எங்ஙனம்?

ஓர் ஊராட்சி இன்றே தொடங்கக்கூடியது எது என வினவலாம். மக்கும் குப்பைக்குப் பணமே வேண்டியதில்லை. கொல்லைக் குழியே போதும். மற்றவற்றுக்குச் சமுதாயக் கூடத்தில் தொடங்குவது எளிது. ஒரு திருமணத்தில் சேரும் தண்ணீர்ப் புட்டியும் தாள் குவளையும் ஒரு தெருவின் பலநாட் குப்பைக்கு ஈடாகும். கூடத்தை வாடகைக்குக் கேட்பவரிடம் வாடகையுடன் ஒரு முன்பணமும் பெற்றுக்கொள்ளலாம். இலையும் எச்சிலும் ஒருபுறம், புட்டியும் தாளும் மறுபுறம் எனப் பிரித்து ஒப்படைத்தால் முழுத் தொகையும் அன்றே திரும்பும். கலந்து கொட்டினால் அத்தொகை பிரித்தெடுக்கும் காவலருக்குக் கூலியாகும். தொகை எவ்வளவு என்பதைக் கிராம சபையே முடிவு செய்க. மிகக் குறைவாயின் கலியாண வீட்டார் அதனை ஒரு பொருட்டாக எண்ணாமல் விட்டுவிட்டுப் போவர். மிக அதிகமாயின் ஏழை வீட்டார் கூடத்தையே விட்டுவிட்டுத் தெருவில் பந்தல் போடுவர். இரண்டு மூன்று முகூர்த்தங்கள் நடந்தபின் கணக்கைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.