ராத்திரி யாருடையது?

மாமியார் பக்கவாதத்தில் விழுந்ததும் வீட்டில் எல்லாவற்றையும் பங்கு பிரித்தார்கள். மருந்துச் செலவு மூத்தாருக்கு, டயாப்பர் கொழுந்தனாருக்கு, டாக்டரிடம் அழைத்துப்போவது என் கணவருக்கு. ராத்திரி யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. "நீ வீட்லதானே இருக்கே" என்றார் நாத்தனார். அதோடு பேச்சு முடிந்தது. என் உடம்பைக் கெடுத்தது அன்று அவர்கள் செய்த அந்தத் தவறுதான்.

படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிவிட வேண்டும். இல்லையென்றால் இடுப்புக்குக் கீழும் குதிகாலிலும் புண் வந்துவிடும். பகலில் சமாளிக்கலாம். ராத்திரி பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று எழுந்தால், நடுவில் ஈரத்துணியும் மாற்றினால், தூக்கம் எங்கே? ரத்த அழுத்தம் ஏறும், முதுகு பிடிக்கும், காரணமில்லாமல் அழுகை வரும். எனக்கு மூன்றும் வந்தன. மாமியாருக்கு ஒரு புண்கூட வரவில்லை, அதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் தானே பழகிவிடும். தூக்குவதில்தான் கவனம் வேண்டும். அக்குளில் கைகொடுத்து இழுக்காதீர்கள். அவருக்கு வலுவிழந்த பக்கத்துத் தோள் நழுவும், உங்களுக்கு முதுகு போகும். பழைய நூல் சேலையை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடைவரை அடியில் விரித்துவிடுங்கள். இரண்டு பக்கமும் ஆள் நின்று சேலையோடு நகர்த்தினால் போதும். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்தது இது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துவையுங்கள். மாமியாருக்கு பிரஷர் பார்க்க வருகிறவரிடம் உங்கள் கையையும் நீட்டுங்கள். எனக்கு ஏறியிருந்தது அப்படித்தான் தெரிந்தது.

உங்கள் வீட்டிலும் பணம் அனுப்புகிறவர் ஒருவர், குறை சொல்கிறவர் ஒருவர் இருப்பார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளி வீடு திரும்புமுன்பே அவர்களை உட்காரவைத்து, எந்த ராத்திரி யாருடையது என்று காலண்டரில் எழுதச் சொல்லுங்கள். வர முடியாதவர் அன்றைக்கு ஆள் வைக்கக் கூலி தரட்டும். நான் இதைக் கேட்டபோது, "பெத்த தாய்னா ஆள் போடுவியா?" என்றார் நாத்தனார். போடுவேன் என்றேன். சனிக்கிழமை ராத்திரியை அவர் பேருக்கு எழுதினேன். ஒரு சனிக்கிழமை வந்து கண்விழித்தார். அடுத்த வாரத்திலிருந்து கூலியை அனுப்பிவிடுகிறார்.